நேர்முனையா, எதிர்முனையா? அணுத் தடிமன் படலங்களும் மின்வேதி வழியும்

லித்தியம் அயனி மின்கலம் கடைக்கு வருவதற்கு முன்பு அதைச் செய்ய முயன்றவர்களுக்குக் கிராபைட் ஒரு தீராத தலைவலி. லித்தியம் உப்பைப் புரொப்பிலீன் கார்பனேட்டில் கரைத்து, அதில் கிராபைட் மின்முனையை வைத்து மின்னேற்றினால் அது பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். லித்தியம் அயனி தனியாகப் போவதில்லை, தன்னைச் சூழ்ந்த கரைப்பான் மூலக்கூறுகளையும் இழுத்துக்கொண்டு கிராபைட்டின் அடுக்குகளுக்கு நடுவே நுழைகிறது. உள்ளே போன கரைப்பான் சிதைந்து வாயுவாகிறது. அடுக்குகள் விரிந்து கழன்றுவிடுகின்றன. எத்திலீன் கார்பனேட் கலந்த மின்பகுளியில் கிராபைட்டின் மேல் ஒரு காப்புப் படலம் படிந்து இந்த உதிர்தலைத் தடுக்கிறது என்று தெரிந்த பிறகுதான் இன்றைய மின்கலத்துக்கு வழி பிறந்தது.

மின்கலக்காரர்கள் விரட்டிவிட்ட அந்தக் கோளாறை 2011இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் லோ கியான் பிங்கின் குழு வேண்டுமென்றே வரவழைத்தது. அதே புரொப்பிலீன் கார்பனேட், அதே லித்தியம் உப்பு. கிராபைட்டை எதிர்மின்முனையாக்கி 15 வோல்ட் அளவுக்கு அழுத்தம் கொடுத்தார்கள். உதிர்ந்து விழுந்தவற்றில் பெரும்பாலானவை ஐந்து அடுக்குக்கும் குறைவான கிராபீன் செதில்கள்.

அணுத் தடிமன் படலங்களை மின்சாரத்தால் பிரித்தெடுக்கும் துறை, அடுக்குகளுக்கு நடுவே நுழைவது அவற்றை விலக்கிவிடும் இந்த ஒரே நிகழ்வின் மேல்தான் நிற்கிறது. பத்திருபது ஆண்டுகளாக இதைப் பற்றி வரும் கட்டுரைகளைப் படிப்பவருக்கு ஒன்று புலப்படும்: பேச்செல்லாம் கிராபீனைப் பற்றியே இருக்கிறது. இந்த முறைக்கு மாற்றே இல்லை என்று சொல்லக்கூடிய இடமோ வேறு. குறைக்கடத்தி அடுக்குகளில், அதுவும் எதிர்மின்முனையில், பெரிய நேரயனிகளைக் கொண்டு செய்யும் வேலையில்தான் மின்வேதியியல் தன் முழுத் திறமையையும் காட்டியிருக்கிறது. கிராபீனுக்கு அது பல வழிகளில் ஒரு வழி. மலிவான, வேகமான வழி, அவ்வளவுதான். அப்படி நான் ஏன் நினைக்கிறேன் என்பதற்கான கணக்கு வழக்கே இக்கட்டுரை.

அடிப்படையை இரண்டு வரியில் சொல்லிவிடலாம். கிராபைட்டின் ஒரு தாளுக்குள் கார்பன் அணுக்கள் 0.142 நானோமீட்டர் இடைவெளியில் வலுவாகப் பிணைந்திருக்கின்றன. தாளுக்கும் தாளுக்கும் நடுவே 0.335 நானோமீட்டர், அங்கே இருப்பது வான்டெர்வால்ஸ் விசை என்ற மெல்லிய ஈர்ப்பு மட்டும். மாலிப்டினம் டைசல்பைடு, நியோபியம் டைசெலினைடு, கருப்பு பாஸ்பரஸ் எல்லாம் இதே குடும்பம். 2004இல் மான்செஸ்டரில் ஆந்திரே கெய்மும் கான்ஸ்டன்டின் நொவோசெலொவும் ஒட்டுநாடாவால் உரித்தே கிராபைட்டின் ஒற்றைத் தாளை, அதாவது கிராபீனை, பிரித்தார்கள். 2010இல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. ஒட்டுநாடா தரும் தாளுக்குத் தரத்தில் நிகரில்லை, ஆனால் கிலோ கணக்கில் உரிக்க முடியாது. கரைசலில் மொத்தமாகப் பிரிக்க வேறு இரண்டு வழிகள் இருந்தன. கந்தக அமிலத்திலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டிலும் கிராபைட்டை ஆக்சைடாக்கிப் பிரிப்பது ஒன்று, 1958இல் ஹம்மர்ஸும் ஆஃப்மனும் சொன்னது. தகுந்த கரைப்பானில் போட்டு மீயொலியால் குலுக்குவது மற்றொன்று, 2008இல் டப்ளினில் ஜோனதன் கோல்மனின் குழு காட்டியது. முதலாவது தாளிலேயே ஓட்டை போடுகிறது. இரண்டாவது தாளைச் சின்னச் சின்னத் துண்டாக்குகிறது, ஒற்றை அடுக்கும் குறைவாகவே தேறுகிறது.

அடுக்குகளுக்கு நடுவே ஒன்றைச் செருகுவது என்ற எண்ணம் மிகப் பழையது. 1840களின் தொடக்கத்திலேயே ஜெர்மானியரான ஷாஃப்ஹாய்ட்ல் கந்தக அமிலத்தில் கிராபைட் வீங்குவதைப் பதிவு செய்தார். 1938இல் ரூடார்ஃபும் ஹாஃப்மனும் மின்சாரத்தைக் கொண்டு அமிலத்தைப் படிப்படியாகச் செருகிக் காட்டினார்கள். 1970களில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் டைட்டானியம் டைசல்பைடின் அடுக்குகளுக்குள் லித்தியத்தை மின்வேதி முறையில் ஏற்றி இறக்கினார். 2019 வேதியியல் நோபலில் அவருக்கும் பங்கு கிடைத்தது அந்த வேலைக்காகத்தான். 1980களில் கனடாவின் வான்கூவர் பகுதியில் மோலி எனர்ஜி என்ற நிறுவனம் மாலிப்டினம் டைசல்பைடை வைத்து லித்தியம் மின்கலம் விற்றது. தீ விபத்துகளுக்குப் பிறகு 1989இல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அதே வட்டாரத்தில், சைமன் ஃப்ரேசர் பல்கலைக்கழகத்தில் ஜோன்சென், ஃப்ரிண்ட், மாரிசன் மூவரும் 1986இல் மாலிப்டினம் டைசல்பைடில் லித்தியத்தைச் செருகி, பிறகு தண்ணீரில் போட்டு, ஒற்றை அடுக்குகளாகவே பிரித்துவிட்டார்கள். கிராபீனுக்கு நோபல் வருவதற்கு 24 ஆண்டுகளுக்கு முன்பு! அன்று அதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை.

நேர்மின்முனை வழியை முதலில் பார்ப்போம். பார்க்க விறுவிறுப்பானது அதுதான். ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் மாக்ஸ் பிளாங்க் பாலிமர் ஆய்வு நிறுவனத்தில் கிளாவுஸ் முல்லன், ஷின்லியாங் ஃபெங் குழு 2014இல் வெளியிட்ட செய்முறை இன்றும் பல ஆய்வகங்களில் பாடம்போல நடக்கிறது. கண்ணாடிக் குவளையில் 0.1 மோலார் அம்மோனியம் சல்ஃபேட் கரைசல், அதாவது உரக்கடையில் கிடைக்கும் அதே உப்பு. ஒரு பக்கம் பிளாட்டினம், மறுபக்கம் நேர்மின்முனையாகக் கிராபைட் தகட்டுக் கீற்று. 10 வோல்ட் கொடுத்ததும் பிளாட்டினத்தில் குமிழி கிளம்புகிறது. சில நொடிகளில் கீற்றின் ஓரங்கள் உப்புகின்றன, விளிம்பு பிரிந்து சுருள்கிறது, பிறகு கறுப்புச் செதில்கள் கொத்துக்கொத்தாகக் கழன்று கரைசலின் மேல் மிதக்கின்றன. ஐந்து நிமிடத்துக்குள் கீற்றின் மூழ்கிய பகுதி காணாமல் போய்விடும். வடிகட்டி, உப்புப் போகக் கழுவி, டைமெத்தில் ஃபார்மமைடில் போட்டு மெல்லிய மீயொலி கொடுத்து, கனமான துண்டுகள் அடியில் படியும்வரை இரண்டு நாள் அசையாமல் வைத்தால் மேலே நிற்பது கிராபீன் மை.

உள்ளே நடப்பது இது. மின்சாரம் தண்ணீரைப் பிளக்கும்போது பிறக்கும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன், ஹைட்ராக்சில் வகைகள் முதலில் கிராபைட்டின் ஓரங்களையும் படிகத் துகள்கள் சேரும் எல்லைகளையும் தாக்கி வாய் திறக்கச் செய்கின்றன. திறந்த வாயில் சல்ஃபேட் அயனி தண்ணீரோடு நுழைகிறது. அதன் அகலம் சுமார் 0.46 நானோமீட்டர், இடைவெளியோ 0.335, நுழைந்தாலே அடுக்கு தளர்ந்துவிடும். உள்ளே சல்ஃபேட் சிதைந்து கந்தக டைஆக்சைடும், தண்ணீர் சிதைந்து ஆக்சிஜனும் வாயுவாக விரிகின்றன. அந்த அழுத்தம்தான் தாள்களைப் பிரிக்கிறது.

மின்செலவு எவ்வளவு என்று ஒரு காகிதக் கணக்குப் போடலாம். அமிலம் முழுவதும் செருகிய கிராபைட்டில் 24 கார்பன் அணுவுக்கு ஒரு மின்னூட்டம். ஃபாரடே மாறிலியைக் கொண்டு பார்த்தால் ஒரு கிராம் கிராபைட்டுக்கு ஏறத்தாழ 335 கூலும். 10 வோல்ட்டில் அது ஒரு கிலோவுக்கு ஒரு யூனிட்டுக்கும் குறைவான மின்சாரம். வீட்டுக் கட்டணத்தில் சில ரூபாய்! ஆனால் தண்ணீர் 1.23 வோல்ட்டிலேயே பிளக்கத் தொடங்கிவிடும் என்பதால், 10 வோல்ட்டில் ஓடும் மின்னோட்டத்தின் பெரும்பகுதி குமிழி விடுவதற்கே போகிறது. அப்படியே பத்து மடங்கு போனாலும் மின்கட்டணம் இந்த முறையின் தடையல்ல. தடை வேறு இடத்தில் இருக்கிறது.

நேர்மின்முனை என்றாலே ஆக்சிஜனேற்றம். தாளைப் பிரிக்கும் அதே ஹைட்ராக்சில் தாளையும் கடிக்கும். மைன்ஸ் குழுவின் செதில்களில் 17 கார்பனுக்கு ஒரு ஆக்சிஜன் ஒட்டியிருந்தது, மின்னூட்டம் எவ்வளவு எளிதில் ஓடும் என்பதைக் காட்டும் மின்துளை நகர்திறன் 310 சதுர செ.மீ./வோல்ட்-நொடி. ஹம்மர்ஸ் வழியோடு ஒப்பிட்டால் இது பிரமாதம். ஒட்டுநாடாத் தாளில் 2004இலேயே 10,000 வரை அளந்திருந்தார்கள் என்று நினைத்தால் அடங்கிப் போக வேண்டியதுதான். கடிக்கும் வகைகளை விழுங்கிவிடும் பொருள்களை மின்பகுளியில் சேர்த்துப் பார்த்தார்கள். வைட்டமின் சி என்று நாம் அறிந்த அஸ்கார்பிக் அமிலத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. 2015இல் டெம்போ என்ற கரிமச் சேர்மம் நல்ல பலன் தந்தது: 25 கார்பனுக்கு ஒரு ஆக்சிஜன், நகர்திறன் 405. முன்னேற்றம்தான், ஆனால் படி ஏறியதே தவிர மாடி மாறவில்லை.

இந்தக் குறையையே வரமாக்கிக்கொண்டவர்கள் ஷென்யாங்கில் உள்ள சீன உலோக ஆய்வு நிறுவனத்தார். ஆக்சைடு வேண்டும் என்றே ஆரம்பித்தால் நேர்மின்முனையைவிடத் தோதான இடம் எது? 2018இல் வென்சாய் ரென், ஹூய்-மிங் செங் குழு கிராபைட் நாடாவில் முதலில் அடர் கந்தக அமிலத்தைச் செருகி, அடுத்து நீர்த்த அமிலத்தில் மின்னாற்பகுத்து, கிராபீன் ஆக்சைடைச் சில நொடிகளில் செய்தது. பெர்மாங்கனேட் இல்லை, அதோடு வரும் வெடிக்கும் அபாயமும் நாள்கணக்கில் கழுவும் வேலையும் இல்லை. என்னைக் கேட்டால் நேர்மின்முனை வழியின் மிகவும் நேர்மையான பயன் இதுதான்.

எதிர்மின்முனைக்கு வருவோம். இங்கே ஆக்சிஜனேற்றம் என்ற பேச்சே இல்லை. பொருள் எலக்ட்ரானைப் பெறுகிறது, அதற்கு ஈடாக நேரயனி உள்ளே போகிறது. கிராபைட்டைப் பொறுத்தவரை லித்தியம் முழுக்க நுழைந்தால் ஆறு கார்பனுக்கு ஒன்று. கிராமுக்கு 1,340 கூலும். தரம் நன்றாக இருக்கிறது. ஆனால் நீரற்ற கரைப்பான், மணிக்கணக்கான காத்திருப்பு, பல சமயம் பாதி மட்டுமே விரிந்த கட்டி என்று தொல்லைகளும் கூடவே வருகின்றன. கிராபீனுக்கு மட்டும் என்றால் இத்தனை பாடு தேவையா என்று கேட்பவரைக் குறை சொல்ல முடியாது.

மாலிப்டினம் டைசல்பைடில் அந்தக் கேள்வியே எழாது. அது குறைக்கடத்தி, டிரான்சிஸ்டர் செய்யலாம் என்பதற்காகவே அதைத் தேடுகிறோம். நேர்மின்முனையில் வைத்தால் சல்பைடு ஆக்சைடாகிப் பாழாகிவிடும். 2011இல் சிங்கப்பூரின் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஹுவா ஜாங்கின் குழு ஒரு மின்கலத்தையே கட்டியது: ஒரு பக்கம் லித்தியத் தகடு, மறுபக்கம் செம்புத் தகட்டில் பூசிய மாலிப்டினம் டைசல்பைடு. மின்கலம் மெதுவாக மின்னிறங்கும்போது லித்தியம் அடுக்குகளுக்குள் போய் அமர்கிறது. எவ்வளவு போயிற்று என்பதை வோல்ட் மானியைப் பார்த்தே கட்டுப்படுத்தலாம். பிறகு மின்முனையைக் கழற்றித் தண்ணீரில் போட்டு மீயொலி கொடுத்தால், லித்தியம் தண்ணீரோடு வினைபுரிந்து ஹைட்ரஜனைக் கிளப்புகிறது. அந்த வாயு அடுக்குகளை விலக்குகிறது. 92 சதவீதம் ஒற்றை அடுக்கு என்றார்கள். பியூட்டைல் லித்தியத்தில் நாள்கணக்கில் ஊறப்போட்ட பழைய முறைக்கு முன்னால் இது பெரிய தாவல்.

ஒரு வில்லங்கம் மட்டும் கூடவே வந்தது. ஒவ்வொரு லித்தியமும் ஒரு எலக்ட்ரானைக் கொடுக்கிறது. ஒரு மாலிப்டினம் அணுவுக்கு ஒரு எலக்ட்ரான் என்ற அளவுக்குத் திணித்தால் படிகத்தின் அமைப்பே மாறிப்போகிறது: குறைக்கடத்தியாக இருந்தது உலோகத்தன்மை பெற்ற வேறு வடிவமாகிறது. ஹைட்ரஜன் தயாரிக்கும் வினையூக்கி வேண்டுமென்றால் அந்த வடிவம் நல்லதுதான். டிரான்சிஸ்டர் வேண்டியவருக்கோ அது பிரயோஜனப்படாது. 300 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடேற்றினால் பெருமளவு பழைய வடிவத்துக்குத் திரும்பும், வடுக்கள் தங்கிவிடும்.

அப்போது சிக்கல் அடுக்கைப் பிரிப்பதில் இல்லை, பிரிப்பதற்குக் கொடுக்கும் மின்னூட்டத்தின் அளவில் இருக்கிறது என்று ஆகிறது. கலிஃபோர்னியாவில் ஷியாங்ஃபெங் டுவானின் குழு 2018இல் செய்தது இந்த முடிச்சை நேராக அவிழ்த்தது. லித்தியத்துக்குப் பதில் டெட்ராஹெப்டைல் அம்மோனியம்: நடுவில் நைட்ரஜன், அதிலிருந்து ஏழேழு கார்பன் கொண்ட நான்கு வால்கள், மொத்த அகலம் ஏறத்தாழ 2 நானோமீட்டர். மாலிப்டினம் டைசல்பைடின் ஒரு அலகு அடைக்கும் பரப்பு 0.087 சதுர நானோமீட்டர்தான். ஆக, இந்தப் பெரிய அயனி ஒன்று முப்பதுக்கும் மேற்பட்ட அலகுகளின் மேல் பரந்து உட்கார்ந்துவிடும். அதற்குமேல் இன்னொன்றுக்கு இடமில்லை. அலகுக்கு ஒரு எலக்ட்ரான் என்றிருந்தது சுமார் 0.02 ஆகக் குறைந்தது. அமைப்பு மாறும் அளவுக்கு மின்னூட்டம் சேரவே இல்லை, ஆனால் அடுக்குகளை விலக்க அயனியின் பருமனே போதுமானதாக இருந்தது.

செய்முறையும் எளிது. அசிட்டோநைட்ரைலில் அந்த அம்மோனியத்தின் புரோமைடு உப்பு. எதிர்மின்முனையாக இடுக்கியில் கவ்விய ஒரு மாலிப்டினம் டைசல்பைடு படிகம், நேர்மின்முனையாகக் கிராபைட் கோல். அழுத்தம் 5 முதல் 10 வோல்ட். பளபளவென்று தட்டையாக இருந்த படிகம் நெல் பொரிவதைப் போல உப்பிப் பஞ்சாகிறது. அதைக் கரைப்பானில் போட்டு மெல்ல மீயொலி கொடுத்தால் ஒரே சீரான, சில நானோமீட்டர் தடிமன் கொண்ட செதில்களின் மை. கண்ணாடியிலோ சிலிக்கனிலோ சுழற்றிப் பூசி, சூடேற்றி, கந்தகக் குறைகளைச் சரிசெய்து டிரான்சிஸ்டர்களாக்கினார்கள். நகர்திறன் 10 சதுர செ.மீ./வோல்ட்-நொடி அளவு, மின்னோட்டம் ஓடும் நிலைக்கும் நிற்கும் நிலைக்கும் பத்து லட்சம் மடங்கு வித்தியாசம். தர்க்க வாயில்களையும் அரைக்கூட்டியையும் கட்டிக் காட்டினார்கள். தனித்தாளில் அளக்கும் எண்ணோடு வைத்தால் 10 பெரிதல்ல. மையாகப் பூசிய படலத்தில், செதிலுக்குச் செதில் தாவிப் போகும் மின்னோட்டத்தில் இது கிடைத்தது என்பதுதான் சேதி. ஓட்டையில்லாத, அகலமான, வளையக்கூடிய செதில்கள் ஒன்றின் மேல் ஒன்று தட்டையாகப் படுத்ததால் வந்த பலன் அது.

இந்த வழியில் மற்றவையும் வரிசையாக வந்தன. காற்றும் ஈரமும் பட்டால் அழிந்துபோகும் கருப்பு பாஸ்பரஸை நீரற்ற கரைப்பானில் டெட்ராபியூட்டைல் அம்மோனியத்தால் பிரித்தார்கள். லோ கியான் பிங்கின் குழு 2021இல் நியோபியம் டைசெலினைடை ஒற்றைத் தாள்களாக்கி, அச்சிடக்கூடிய மீக்கடத்தி மை செய்தது. மேக்சீன் எனப்படும் கார்பைடு தாள்களில் நடப்பது செருகல் அல்ல. நடுவிலிருக்கும் அலுமினியத்தை நேர்மின்முனையில் கரைத்தெடுக்கிறார்கள், கொடிய ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்துக்கு விடை கொடுக்க. அது தனிக் கட்டுரைக்கான விஷயம். போரான் நைட்ரைடைப் போன்ற மின்கடத்தாப் பொருளில் இந்த முறை தடுமாறும். எலக்ட்ரான் ஓட வழியில்லாத இடத்தில் மின்வேதியியல் என்ன செய்யும்?

இனி எண்களைப் பற்றி ஒரு வார்த்தை. கட்டுரைகளில் வரும் ‘85 சதவீதம்’, ‘92 சதவீதம்’ எதன் சதவீதம் என்று பார்க்காமல் ஒப்பிடுவது வீண். பெரும்பாலும் அணுவிசை நுண்ணோக்கியில் சில செதில்களை எண்ணி, அவற்றில் எத்தனை மெல்லியவை என்று சொல்வது அது. போட்ட கிராபைட்டில் எத்தனை கிராம் கிராபீனாயிற்று என்பது வேறு எண். ஒரே பரப்புள்ள நூறு செதில்களை எடுத்துக்கொள்வோம்: தொண்ணூறு ஒற்றை அடுக்கு, பத்து மட்டும் ஐம்பது அடுக்கு. எண்ணிக்கையில் 90 சதவீதம் ஒற்றை அடுக்கு. எடையில் பார்த்தால் 15 சதவீதம்தான்! சந்தையில் இந்தக் குழப்பத்தின் விலை என்ன என்பதை 2018இல் அந்தோனியோ காஸ்ட்ரோ நெட்டோவின் சிங்கப்பூர் குழு காட்டியது. உலகெங்கும் 60 நிறுவனங்கள் விற்ற ‘கிராபீன்’ தூளைச் சோதித்ததில் பெரும்பாலானவற்றில் கிராபீன் 10 சதவீதம்கூட இல்லை; எதுவும் 50 சதவீதத்தைத் தாண்டவில்லை. மீதி வெறும் மெல்லிய கிராபைட்.

இன்னொரு மறைகணக்கும் உண்டு. ‘வீரிய அமிலம் இல்லாத பசுமை முறை’ என்ற வாசகம் நேர்மின்முனைக் கட்டுரைகளில் அடிக்கடி வரும். அவற்றில் பயன்படும் கிராபைட் தகடு எப்படிச் செய்யப்படுகிறது? கிராபைட் செதிலைக் கந்தக அமிலத்திலும் ஆக்சிஜனேற்றியிலும் ஊறவைத்து, கடும் வெப்பத்தில் விரியவிட்டு, உருளையில் அழுத்தித் தகடாக்குகிறார்கள். அமிலம் குவளையில் இல்லை என்பது உண்மை; தகட்டாலையில் இருக்கிறது. தகடு இவ்வளவு வேகமாகப் பிரிவதற்கு அது ஏற்கெனவே ஒருமுறை விரிந்த பொருள் என்பதும் ஒரு காரணம்.

தகடு ஏன், பொடியையே நேராகப் போடக் கூடாதா? அங்கேதான் இந்த முறையின் உண்மையான தடை இருக்கிறது. மின்சாரம் பாய ஒரு துகள் மற்றொன்றைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். விரியத் தொடங்கிய நொடியே துகள்கள் விலகுகின்றன, தொடர்பு அறுகிறது, பாதி விரிந்த துண்டு கரைசலில் விழுந்து அத்தோடு வளர்ச்சி நின்றுவிடுகிறது. வெற்றியே தோல்விக்குக் காரணமாகும் இடம் இது. டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் மிக்கா கிரீனின் குழு 2018இல் கிராபைட் பொடியை அயனி புகக்கூடிய, விரிந்து கொடுக்கும் உறையில் அழுத்தி வைத்து, கடைசி வரை தொடர்பு விடாமல் பார்த்துக்கொண்டது. உறையின் வடிவமைப்பு வேதியியலைவிட முக்கியமாகிவிடும் காலம் வந்துவிட்டது என்பதற்கு அது அடையாளம்.

நம் பக்கத்துக்கு இது நேரடியாகத் தொடர்புள்ள விஷயம். சிவகங்கையில் டாமின் நிறுவனம் எடுக்கும் கிராபைட் தரம் குறைந்த தாது. மிதப்பு முறையில் செறிவூட்டிய பிறகு கையில் வருவது செதில்பொடி. அதே மாவட்டத்தில், காரைக்குடியில், 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்கும் தொழில்நுட்பக் கேள்வி பொடியை மின்முனையாக்கும் இந்தக் கேள்விதான். இலங்கையின் போகலை, கஹட்டகஹ சுரங்கங்களில் கிராபைட் பாறை இடுக்கில் நரம்பு நரம்பாக, மிகத் தூய கட்டியாகக் கிடைக்கிறது. கட்டியை அறுத்து அப்படியே மின்முனையாக்கலாம். ஆனால் கெட்டியான கட்டி தகட்டைப்போல் வேகமாக விரியாது.

மாலிப்டினம் டைசல்பைடில் தடை இன்னும் கடுமை. பொடி மலிவு, மசகெண்ணெயில் கலப்பதற்கே டன் கணக்கில் விற்கிறது. டுவான் வழிக்கு வேண்டிய படிகமோ, இயற்கையில் தேடிப் பொறுக்கியதாக இருக்க வேண்டும், இல்லையென்றால் ஆயிரம் டிகிரியை ஒட்டிய உலையில் வாரக்கணக்கில் ஆவியிலிருந்து வளர்த்ததாக இருக்க வேண்டும். பொடியை அழுத்தி வில்லையாக்கிப் பார்க்கிறார்கள். செதில் சிறுத்துவிடுகிறது, சிறுத்தால் படலத்தில் தாவல்கள் கூடி நகர்திறன் விழுகிறது. இப்போதைக்கு, ஒரு ஆய்வகம் ஒரு நாளில் எவ்வளவு குறைக்கடத்தி மை செய்யும் என்பதை வோல்ட்டோ மின்பகுளியோ தீர்மானிப்பதில்லை. இடுக்கியில் கவ்வியிருக்கும் படிகத்தின் அளவே தீர்மானிக்கிறது.